வெடிப்பைத் தாங்கும் சன்னல்: ஃபிலிமா, லேமினேட் கண்ணாடியா?

1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியின் வாயிலில் லாரிக் குண்டு வெடித்தபோது, சிதறிய கண்ணாடிச் சில்லுகள் பலரது பார்வையைப் பறித்தன. பழைய கட்டடங்களின் சன்னல்களில் பாதுகாப்பு ஃபிலிம் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது செலவு குறைந்த வழிதான். ஆனால் அதன் விளிம்பைச் சட்டத்தோடு ஸ்ட்ரக்சுரல் சிலிக்கோன் எனும் விசை தாங்கும் பசையால் பிணைக்காமல் கண்ணாடிப் பரப்பில் மட்டும் ஒட்டினால், வெடிப்பின் அழுத்தம் உடைந்த கண்ணாடியை ஒரே பலகையாக அறைக்குள் வீசிவிடக்கூடும். வெயிலில் ஃபிலிம் நலியும். காலப்போக்கில் மாற்றவும் வேண்டும்.

இரு கண்ணாடிகளுக்கிடையே 1.52 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிவிபி எனும் நெகிழும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியோ, விரிசல் விட்ட பின்னும் சில்லுகளைப் பிடித்துக்கொண்டு, சவ்வுபோல் உப்பி விசையை உள்வாங்குகிறது. அந்த விசை சட்டத்துக்கும் சுவருக்கும் போய்ச் சேர்வதால், மெலிந்த அலுமினியச் சட்டத்தில் அதைப் பொருத்துவது வீண். புதுக் கட்டடமென்றால் லேமினேட்தான் என் தேர்வு. துப்பாக்கிக் குண்டைத் தடுக்க இவை போதா; அதற்குக் கண்ணாடியும் பாலிகார்பனேட் எனும் உறுதியான பிளாஸ்டிக்கும் சேர்ந்த தடித்த பல்லடுக்கு போன்றவை வேண்டும்.