அடுப்பு யாருடையது? டப்ளினில் தங்க மூன்று வழிகள்

சென்னை காலடிப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அயர்லாந்தின் டப்ளினில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் மூன்று தாள்கள். முதலாவது, ஐரிஷ் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை, காலையும் இரவும் சாப்பாட்டோடு. இரண்டாவது, மாணவர் விடுதி. மூன்றாவது, நம்மூர்ப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீட்டில் ஒரு கட்டில். "எது அக்கா நல்லது?" என்றாள். மூன்று தாளிலும் வாடகைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். வாடகையை அப்புறம் பார்க்கலாம், அந்தந்த வீட்டில் அடுப்பு யாருடையது என்று முதலில் பார் என்றேன். அவளுடைய அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் அங்கே படித்து, வேலை பார்த்துத் திரும்பிய காலத்தில் மூன்று வகையிலும் குடியிருந்துவிட்டேன். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

குடும்பத்தோடு தங்குவதை அங்கே 'டிக்ஸ்' என்பார்கள். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 14,000 யூரோ வரை வருமான வரி கிடையாது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீடுகளில் மாணவர்களுக்கு இடம் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் தங்கியது அப்படி ஓர் ஓய்வுபெற்ற தம்பதியர் வீட்டில். எனக்கு அது பழக்கப்பட்ட விஷயம் என்றே நினைத்துக்கொண்டு போனேன். ஏழு குடித்தனம், ஒரு குழாய் என்று வளர்ந்தவளுக்கு இன்னொருவர் வீட்டில் ஓர் அறை பெரிய காரியமா என்ன?

பெரிய காரியமாகத்தான் இருந்தது. காலடிப்பேட்டையில் சட்டங்கள் எல்லாம் சத்தமாகவே இருந்தன. விடியற்காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, யார் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தார்கள் என்று வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் நின்று கத்துவார். பத்து நிமிடத்தில் சண்டை முடிந்துவிடும், மாலையில் அவர் வீட்டுக் குழம்பு நம் வீட்டுக்கு வரும். டப்ளின் வீட்டில் யாரும் கத்தவில்லை. மாடியில் துணி அடுக்கும் அலமாரிக்குள் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு சுவிட்சுகள். ஒன்று போட, அணைக்க. மற்றொன்றில் ஒரு பக்கம் 'குளியல்', இன்னொரு பக்கம் 'கைகழுவும் தொட்டி' என்று எழுதியிருக்கும். குளியலுக்கு என்று போட்டால் தொட்டி முழுவதும் சுடும், மின்கட்டணமும் அந்த அளவுக்கு ஏறும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அதை இரவெல்லாம் ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே "க்ராண்ட்" என்றார். சரி, கோபமில்லை என்று கல்லூரிக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் சுவிட்சுக்கு மேலே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் அழகான கையெழுத்தில் நேரம் மட்டும்: 7.00 - 7.30.

'க்ராண்ட்' என்ற அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதமானது. அது நம்முடைய 'பரவாயில்லை'தான். உண்மையிலேயே பரவாயில்லை என்றாலும் அதைத்தான் சொல்வார்கள், மனத்துக்குள் எரிச்சல் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். இன்னொன்றும் நம்மைப் போலவே. டீ வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவை வற்புறுத்துவார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். இது தெரிந்த பிறகு அந்த வீட்டில் பாதிப் பாரம் குறைந்தது. வகுப்பில் பேராசிரியர் பேசியதைவிட, இரவு மேசையில் அந்தத் தம்பதியர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசியதில்தான் என் காது அந்த ஊர் ஆங்கிலத்துக்குப் பழகியது. டிசம்பரில் மாலை நான்கு மணிவாக்கிலேயே இருட்டிவிடும். அந்த நேரத்தில் விளக்கு எரியும் வீட்டுக்குத் திரும்புவதன் அருமையைத் தாளில் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் அடுப்பு அவர்களுடையது. இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு, பெரும்பாலும் உருளைக்கிழங்கோடு. மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். கடை வேலை என்றால் பெரும்பாலும் மாலையில்தான் கிடைக்கும். நான் பத்து மணிக்குத் திரும்பும்போது என் தட்டு மூடி போட்டுக் காத்திருக்கும். காசு கொடுத்த சாப்பாடு, ஆறிப்போய். நானே ஒரு ரசம் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்க வாய் வரவில்லை. தாளிக்கும் வாசனை திரைச்சீலையில் தங்கிவிடுமே என்ற பயம்.

இதைவிடப் பெரிய இரண்டு விஷயங்களை இந்தப் பெண்ணிடம் அழுத்திச் சொன்னேன். சில வீடுகள் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறு சொந்த ஊருக்குப் போய்விடும் ஐரிஷ் பிள்ளைகளுக்கு அது வசதி. காலடிப்பேட்டைக்காரி வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? இரண்டாவது, வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பவர் சட்டப்படி வாடகைதாரர் ஆகமாட்டார். அனுமதியோடு தங்குபவர், அவ்வளவுதான். வாடகைதாரருக்குரிய முன்னறிவிப்புக் காலம் அவருக்குக் கிடையாது, வாடகைத் தகராறுகளைக் கேட்கும் வாரியத்துக்கும் போக முடியாது. பேசியதை எல்லாம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றுதான் பிடிமானம்.

விடுதியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அறை சுத்தம், பூட்டு உறுதி, சட்டப் பாதுகாப்பு உண்டு. முன்பணமும் முதல் வாடகையும் சேர்த்து இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அடுப்பு ஆறு பேருக்குப் பொது, ஆகவே யாருக்கும் சொந்தமில்லை. கடுகு வெடித்த புகைக்கே அலாரம் அலறி, கட்டடமே நள்ளிரவில் வாசலில் நின்றது. ஆறு பேரும் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தோம். அவ்வளவு காசு கொடுத்து அந்தத் தனிமையை நான் மறுபடி வாங்கமாட்டேன்.

நம் பெண்கள் வீடு நேர் எதிர். அடுப்பு முழுக்க நம்முடையது. முறை போட்டுச் சமையல், ஞாயிறு பிரியாணி, வாடகையும் மூன்றில் குறைவு. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும். வெளியே கால் வைக்கும் வரை ஊரை விட்டு வந்ததே தெரியாது, குறையும் அதுதான். அந்த வீட்டில் இருந்த ஆறு மாதத்தில் என் ஆங்கிலம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஒப்பந்தம் ஒருத்தி பெயரில்தான் இருக்கும், மற்றவர்கள் வாய்வார்த்தையில் இருப்பார்கள். அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது நாங்கள் நால்வரும் ஒரே மாதத்தில் தெருவுக்கு வந்தோம். வீட்டை ஒருவர் நேரில் பார்ப்பதற்கு முன் முன்பணம் அனுப்பாதே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் அந்த ஐரிஷ் வீடு, வாரம் இரண்டு நாள் அடுப்பைத் தருவதாக இருந்தால். தரமாட்டார்கள் என்றால் நேராக நம் பெண்கள் வீடு. நான் செய்த தவறு கேட்காமல் இருந்தது. அந்தத் தம்பதியர் வீட்டில் கடைசி மாதத்தில் துணிந்து கேட்டு ஒரு நாள் மீன் குழம்பு வைத்தேன். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வழிய இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அவளுடைய அம்மா, என்னவெல்லாம் கொடுத்தனுப்பலாம் என்று கேட்டார். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக முடியாது. மீன் பொருட்களுக்கு 20 கிலோ வரை இடமுண்டு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் காசிமேட்டில் நல்ல வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து வாங்கிவிடலாமே என்றார். பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். சட்டம் விடும், அந்த வீட்டம்மா விடுவாரா? முதல் மின்னஞ்சலில் முதல் கேள்வியாக அதையே கேட்டுவிடு என்று அவளுடைய தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.