கருவேல முள்ளும் இரண்டு வகை டயரும்: ஸ்போர்ட்ஸ் காருக்கு ரன்ஃபிளாட்டா, சாதா டயரா?

கீழக்கரை காக்கா போன வாரம் போன் செய்தார். காக்கா என்றால் அண்ணன். சொந்த அண்ணன் இல்லை. வயதில் மூத்தவர், நெடுநாள் பழக்கம், அந்த ஊர் வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுவேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர் ஆசைப்பட்டுப் பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்று வாங்கியிருக்கிறார். என்னிடம் இருப்பதும் அதே தலைமுறை வண்டிதான். இரண்டே சீட்டு, மடங்கும் கூரை, டயர் அளவு முன்னால் 225/40, பின்னால் 255/35, நான்குமே 18 இன்ச்.

"தம்பி, நாலு டயரும் மாத்தணும்ங்கிறாங்க. திரும்ப ரன்ஃபிளாட்டே போடவா, சாதா டயருக்கு மாறிடவா? நீ ரெண்டும் ஓட்டிப் பார்த்தவன், சொல்லு" என்றார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுசாக இங்கே எழுதுகிறேன். இந்த ராமநாதபுரம் கரையில் தாழ்வான வண்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவதும் உதவும்.

முதலில் அடிப்படை. சாதா டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று இறங்கினால் பக்கச் சுவர் துவண்டு, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கிக் கிழியும். ரன்ஃபிளாட்டில் பக்கச் சுவருக்குள் கெட்டியான ரப்பர் பட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே எடையைத் தாங்கும். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது பொதுவான கணக்கு. எல்லை வைத்ததற்குக் காரணம் சூடு. காற்றில்லாத சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்தச் சூட்டில் ரப்பர் உள்ளுக்குள்ளேயே பொடியாக ஆரம்பிக்கும்.

ஸ்டெப்னி வைக்க இடமில்லாத ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது பெரிய வசதி. 1980களில் போர்ஷே 959இலேயே ரன்ஃபிளாட் வந்துவிட்டது. 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை செவர்லே கார்வெட், ரன்ஃபிளாட்டை நம்பி ஸ்டெப்னியையே கைவிட்டது. எங்கள் வண்டியிலும் அப்படித்தான், டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்கு இடமே கிடையாது. வைக்க இடம் கண்டுபிடித்தாலும் முன் டயர் ஓர் அளவு, பின் டயர் ஓர் அளவு. எதற்கென்று ஸ்டெப்னி வைப்பது?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். டயர் கம்பெனிகள் நினைத்துப் பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது: சீமைக் கருவேலம். சாயல்குடிப் பக்கமோ தேவிபட்டினம் தாண்டித் தொண்டிப் பக்கமோ போனால், தார் ரோட்டின் ஓரம் வரைக்கும் அது வளர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கரிமூட்டத்துக்கு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது வழியெல்லாம் சில்லுசில்லாக உதிரும். எதிரே பஸ் வந்தால் நாம் இடது பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், இடது சக்கரங்கள் இரண்டும் மண்ணில் இறங்கும். என் வண்டியில் இதுவரை ஏறிய ஐந்து முள்ளில் நான்கு இடது பக்க டயரில்தான். ஆணி மாதிரி இல்லை இந்த முள். காய்ந்த முள் ரப்பருக்குள் இறங்கியதும் வெளியே தெரியும் பகுதி ஒடிந்துவிடும். தடவிப் பார்த்தாலும் கையில் தட்டுப்படாது. காற்று மெதுவாக, ஒரு ராத்திரி முழுக்க இறங்கும்.

அதனால் இங்கே கேள்வியே கொஞ்சம் மாறிவிடுகிறது. பெரும்பாலும் வரப்போவது ஊசி முனை அளவு ஓட்டை. அதற்கு எந்த டயர் நல்லது?

ரன்ஃபிளாட் போட்டிருந்த காலத்தில் ஒரு நாள் சாயல்குடியிலிருந்து கிளம்பினேன். பொழுது சாயும் நேரம். வேம்பார்ப் பக்கத்திலிருந்து வரும் லாரிகளுக்கு இரண்டு மூன்று தடவை ஒதுங்கியிருப்பேன். கொஞ்ச தூரத்தில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தேன். பின் இடது டயர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பக்கச் சுவர் விறைப்பாக நிற்பதால் ரன்ஃபிளாட்டில் காற்று போனது கண்ணுக்குத் தெரியாது. அந்த விளக்கு இல்லாமல் இந்த டயரை ஓட்டவே கூடாது. அறுபதைத் தாண்டாமல் ராமநாதபுரம் வரை ஏறக்குறைய 50 கி.மீ. ஓட்டி வந்தேன். இருட்டில் ஜாக்கி போடவில்லை, கையில் அழுக்குப் படவில்லை, வீட்டு வாசலில் வந்து நிறுத்தினேன். அன்றைக்கு ராத்திரி இந்த டயரைக் கண்டுபிடித்தவர்களை மனசார வாழ்த்தினேன்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. வழக்கமாகப் போகும் பஞ்சர் கடை அண்ணன் டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார், அசையவில்லை. "தம்பி, இது நம்ம மெஷின்ல கழலாது. வம்பா இழுத்தா ரிம்மு விளிம்பு போயிரும்" என்றார். நேர்மையான மனிதர், தெரியாததில் கை வைக்கவில்லை. வண்டியை லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினேன். அங்கே டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் பொடி ஒரு கைப்பிடி கொட்டியது. உள் சுவரில் சுற்றிலும் ஒரே வளையமாகத் தேய்மானம். "முள்ளு ஓட்டையை அடைச்சுடலாம் சார். ஆனா காத்தில்லாம ஓடின சுவரை நம்ப முடியாது" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ரன்ஃபிளாட்டைப் பஞ்சர் ஒட்டலாமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். ஆனால் காற்றில்லாமல் கணிசமான தூரம் ஓடிய டயரை மாற்றிவிடு என்பதுதான் பொதுவான அறிவுரை. அந்த அளவு டயர் கடையில் இருப்பும் இல்லை. வரவழைத்து மாட்ட ஒரு வாரம் ஆனது. ஒரு முள்ளுக்கு ஒரு முழு டயர்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து 80 கி.மீ. கணக்கை நம்ம வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். அரிச்சல்முனையில் காற்று இறங்கினால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி எல்லாம் தாண்டி ராமநாதபுரம் வருவதற்குள் அந்தத் தூரம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதுவும் புது டயர், குறைந்த பாரம், நிதானமான வேகம் என்றால். சித்திரை வெயிலில் கொதிக்கிற தாரில் நான் அந்தக் கணக்கை ஐம்பதுக்கு மேல் நம்ப மாட்டேன். சரி, ராமநாதபுரம் வந்தே விட்டோம் என்று வையுங்கள். அந்த டயரைக் கழற்ற மெஷின் வேண்டும், அதே அளவில் மாற்று டயர் வேண்டும். இரண்டுக்கும் மதுரைதான். இன்னும் 110 கி.மீ.க்கு மேல். ஆக, கிழக்கே எந்த மூலையில் முள் ஏறினாலும் ரன்ஃபிளாட் நம்மை வீட்டில் கொண்டுவந்து விடும், தீர்வில் கொண்டுவந்து விடாது.

அடுத்த முறை நான்கு டயரும் தேய்ந்தபோது சாதா டயருக்கு மாறினேன். கூடவே ஒரு பஞ்சர் கிட், லைட்டர் பாயின்ட்டில் மாட்டுகிற சின்ன கம்ப்ரஸர், ஒரு குறடு, ஒரு டார்ச். இவ்வளவும் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது.

அதைச் சோதிக்கும் நாளும் வந்தது. தொண்டியிலிருந்து திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், சுற்றிலும் பனையும் முள்ளும்தான். விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டினேன். காற்று பாதிதான் இறங்கியிருந்தது. ஓட்டை தெரியவில்லை. பனந்தோப்பில் நின்ற பெரியவர் ஒருவர் வந்து, "தண்ணி வேணுமா தம்பி?" என்று கேட்டு ஒரு பிளாஸ்டிக் குடத்தில் கொண்டுவந்தார். டயர் மேல் ஊற்றி, வண்டியை அரை முழம் உருட்டி, மறுபடி ஊற்றினோம். மூன்றாவது தடவை, நடு வரிசைப் பள்ளத்தில் கடுகளவு குமிழி ஒன்று பூத்து உடைந்து மறுபடி பூத்தது. அங்கேதான். குறடால் முள்ளின் நுனியைப் பிடித்து இழுத்தேன், அரை விரல் நீளம் இருந்தது. முறுக்கு ஊசியை விட்டு ஓட்டையைச் சுரண்டினேன். ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் கோத்து, பசை தடவி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து உள்ளே தள்ளிச் சட்டென்று இழுத்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை பிளேடால் நறுக்கிவிட்டுக் காற்று அடித்தேன். கால் மணி நேரம், அவ்வளவுதான். பெரியவர் கடைசியாக மிச்சத் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்து, குமிழி வரவில்லை என்று தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

ஸ்ட்ரிப் தற்காலிகம்தான். அந்த வாரமே நம்ம பஞ்சர் கடை அண்ணனிடம் டயரைக் கழற்றச் சொல்லி, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) வைத்துக்கொண்டேன். அவருடைய மெஷினில் சிரமமில்லாமல் கழன்றது. தரைப்பகுதியில் 6 மி.மீ.க்கு உட்பட்ட ஓட்டைக்குத்தான் இது சரிப்படும். தரைப்பகுதியும் பக்கச் சுவரும் சேரும் தோள் பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஓட்டை என்றால் எந்த ஒட்டும் வேண்டாம்.

ஓட்டும் சுகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதே அதற்குத்தானே. ரன்ஃபிளாட்டின் சுவர் விறைப்பு, எடையும் கூடுதல். சக்கரத்தில் கூடுகிற எடை, சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்குகிற எடை. அது குதித்தால் அடக்குவது கஷ்டம். 1988இல் திறந்த பாம்பன் ரோட்டுப் பாலம் இரண்டு கி.மீ.க்கு மேல் நீளம். அதன் இணைப்பு ஒவ்வொன்றையும் முதுகெலும்பால் எண்ணியிருக்கிறேன். டயர் மாற்றிய பிறகு அதே பாலத்தில் அதே வேகத்தில் போனபோது, இடுப்பில் விழுந்த அடி காதில் மெல்லிய சத்தமாகக் குறைந்திருந்தது. பாதி வழியில்தான் கவனித்தேன், கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. பள்ளத்தில் விழும்போதும் வித்தியாசம் உண்டு. சுவர் வளைந்து கொடுக்காவிட்டால் அடி நேராக ரிம்முக்குப் போகும், அலாய் வீல் வளையும், சில சமயம் விரியும். மறுபக்கம், எங்கள் வண்டியின் சஸ்பென்ஷனை விறைப்பான டயரை மனதில் வைத்தே அமைத்தார்கள். சாதா டயரில் திருப்பத்தில் ஸ்டீயரிங் ஒரு நொடி யோசித்துத் திரும்புவது போல இருக்கும். காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்து எனக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. எனக்கு அந்தப் பேரம் சம்மதம்.

ரன்ஃபிளாட் ஜெயிக்கும் இடத்தை மறைக்கக் கூடாது. நூறுக்கு மேல் போகும்போது டயர் வெடித்தால் சாதா டயர் ரிம்மை விட்டு நழுவலாம், வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ரன்ஃபிளாட் ரிம்மைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஸ்டீயரிங் கையில் இருக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் என் துணிப்பையில் இருக்கும் எதுவும் உதவாது, லாரிதான் வர வேண்டும். கார்த்திகை மழையில், விளக்கில்லாத ரோட்டில், தனியாக ஓட்டுபவர் இறங்கி நிற்க வேண்டியதில்லை என்பதும் சின்ன விஷயம் இல்லை.

மாறுபவர்கள் கவனிக்க வேண்டியவை. நான்கையும் ஒரே வகையாகப் போடுங்கள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வேண்டாம். டயர் தாங்கும் எடையையும் வேகத்தையும் காட்டும் பாரக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. காற்றழுத்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள், புது டயர் மாட்டியதும் ரீசெட் செய்யுங்கள். ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி சரியா என்று சிலர் கேட்கிறார்கள். 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. 3.5 டன் வரையிலான வண்டியில் ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. எந்த வகை வாங்கினாலும் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரன்ஃபிளாட்டில், அதுவும் எங்கள் அளவு மாதிரி மெதுவாக விற்பதில், பழைய சரக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம்.

உப்பு இரண்டு வகைக்கும் பொது. தனுஷ்கோடி போய் வந்தால் நல்ல தண்ணீரில் ரிம்மைக் கழுவிவிடுங்கள். ரிம்மின் உள் விளிம்பு அரித்தால் டயர் சரியாகப் பதியாது, முள்ளே இல்லாமல் காற்று இறங்கும்.

இத்தனையும் எழுதிய பிறகு காக்காவிடம் மறுபடி பேசினேன். வண்டியை அதிகம் ஓட்டப்போவது யார் என்று அப்போதுதான் கேட்டேன். மகளாம். மதுரையில் வேலை, வாரக் கடைசியில் கீழக்கரைக்கு வந்து போவார், பெரும்பாலும் இரவில், தனியாக. கடற்கரைச் சாலைப் பக்கமே போக மாட்டாராம். ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, அவ்வளவுதான். அந்த வழியில் எங்கே காற்று இறங்கினாலும் ஏதோ ஒரு பக்கம் வீடோ மதுரையோ 80 கி.மீ.க்குள் இருக்கிறது, பரமக்குடி தாண்டினால் நான்கு வழிச் சாலையில் வேகமும் கூடும். "அப்படின்னா ரன்ஃபிளாட்டே போடுங்க காக்கா" என்றேன். மதுரையில் ஒரு கடையில் விசாரித்து வைத்திருக்கிறார். வாங்குவதற்கு முன் நான்கு டயரின் தேதி எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.