934-ஏஎச், ஜிஎஃப்/சி, ஜிஎஃப்/எஃப்: ஆலைத் தண்ணீருக்கு எது?

மலேசியாவில் பந்திங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாகக் கழிவுநீரை வடிகட்டிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அண்ணே, துளை சின்னதா இருந்தாத்தானே நல்ல ஃபில்டர்?" சாமான் விற்க வருபவரும் அதையே சொல்லி, மூன்றில் துளை மிகச் சின்னதான ஜிஎஃப்/எஃப் தாளில் ஒரு பெட்டி தள்ளிவிட்டுப் போனார். வாங்கியது நான்தான், யாரைக் குறை சொல்ல?

மூன்றும் வாட்மேன் கண்ணாடி இழைத் தாள்கள், பசை சேர்க்காதவை. துளை அளவு 934-ஏஎச்சுக்கு 1.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஜிஎஃப்/சி 1.2, ஜிஎஃப்/எஃப் 0.7. டிஎஸ்எஸ் சோதனைக்கு, அதாவது நீரில் மிதக்கும் திடப்பொருளை வடிகட்டி, உலர்த்தி, எடைபோடுவதற்கு, அமெரிக்க வழிமுறை 2 மைக்ரானோ அதற்குக் குறைவோ போதும் என்கிறது. ஆக மூன்றுமே தேறிவிடும். அப்புறம் பார்க்க வேண்டியது எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பதைத்தான்.

ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கடைசிக் குளத்துத் தண்ணீரை ஜிஎஃப்/எஃப்பில் ஊற்றிப் பாருங்கள். முதல் மடக்கு சர்ரென்று இறங்கும். பிறகு தாள் மேல் பழுப்பு வழவழப்பு படியும், நீரை உறிஞ்சும் பம்பு உறுமும், தண்ணீர் அப்படியே நிற்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் திடப்பொருள் உள்ள நீரில் 20 மில்லிலிட்டர்தான் இறங்கியது என்றால் தாளில் இருப்பது 1 மில்லிகிராம். தராசிலும் உலர்த்துவதிலும் அரை மில்லிகிராம் பிசகினால் பாதிக் கணக்கு போச்சு. வழிமுறை குறைந்தது 2.5 மில்லிகிராம் மிச்சம் கேட்பது இதனால்தான். அதே நீரை 934-ஏஎச்சில் 200 மில்லிலிட்டர் விட முடிந்தால் 10 மில்லிகிராம் கிடைக்கும், அதே பிசகு 5 சதவீதம்தான்.

செம்பனை ஆலைகளுக்கு மலேசியாவின் 1977 சுற்றுச்சூழல் விதிகளின் வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். அங்கே 50 மில்லிலிட்டரே 20 மில்லிகிராம் தரும், 2.5-ஐத் தாண்டக் கொஞ்சம் நீரே போதும். மற்றத் தொழிற்சாலைகளுக்கு 2009 விதிகளில் ஏ தரம் (குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் விடுவதற்கு) 50, பி தரம் (மற்ற இடங்களுக்கு) 100. தெளிந்த தண்ணீர் வரும்போதுதான் தாளின் குணம் தெரியும்.

934-ஏஎச்சா ஜிஎஃப்/சியா என்றால் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஐரோப்பியர்கள் ஜிஎஃப்/சி பக்கம், அமெரிக்க வழிமுறையில் பழகியவர்கள் 934-ஏஎச் பக்கம். நான் 934. ஆனால் வருடத்தின் நடுவில் மாற்றாதீர்கள். போன மாத எண் ஏன் குறைவு என்று மேனேஜர் கேட்டால், தண்ணீர் மாறியதா தாள் மாறியதா என்று சொல்ல முடியாது.

எந்தத் தாளானாலும் முதலில் தடவைக்கு 20 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை கழுவி உலர்த்தி எடை எடுங்கள். ஒட்டாமல் நிற்கும் இழைத் துணுக்குகள் அப்போதே போய்விடும். இல்லாவிட்டால் அவை மாதிரியோடு போய், எடை குறைந்து, சுத்தமான தண்ணீருக்கு மைனஸ் விடை வரும். எனக்கு ஒரு தடவை வந்தது. அன்று முழுக்கத் தராசைத்தான் திட்டினேன். 934-ஐ வைக்கும்போது சுருக்கம் விழுந்த பக்கம் மேலே இருக்கட்டும். உலர்த்த 103 முதல் 105 டிகிரி. நம்மூர் ஈரத்துக்கு டெசிகேட்டரில் (தாளை ஈரம் படாமல் ஆறவைக்கும் மூடிய பாத்திரம்) ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டால், காற்றின் ஈரத்திலேயே தாளின் எடை ஏறும்.

எரியும் திடப்பொருள் பார்ப்பவர்கள் தாளை 550 டிகிரியில் எரிப்பார்கள். அங்கே பசை போட்ட மலிவு ரகங்கள் ஆகாது, பசையும் சேர்ந்து எரிந்து கணக்கில் ஏறிவிடும். 0.45 மைக்ரான் செல்லுலோஸ் சவ்வைப் பற்றிப் பேசவே வேண்டாம், தாளே சாம்பல். கரைந்த உலோகம் பார்க்க அது உதவும்.

ஜிஎஃப்/எஃப்பை வீண் என்று சொல்லவில்லை. லங்காட் ஆற்று நீரில் பாசியின் குளோரோஃபில் பார்க்க அதுதான் சரி. சின்னப் பாசியையும் பிடிக்கும். எங்கள் பெட்டி இன்னும் முக்கால்வாசி நிறைய அலமாரியில் இருக்கிறது. ஆற்று மாதிரி எடுக்கும் கூட்டம் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.