மெதெயின் நகரை மெட்ரோவில் ஏறிப் பார்க்க வேண்டும்

கொலம்பியாவின் மெதெயின் நகருக்குப் போகப் போகிறேன் என்று சொன்னபோது, கேட்டவர்களில் பெரும்பாலோர் உடனே சொன்ன பெயர், போதைப்பொருள் கடத்தல் கும்பலின் தலைவனாக இருந்த பாப்லோ எஸ்கோபார். அவன் 1993 டிசம்பர் 2 அன்று அந்நகரின் ஒரு வீட்டுக் கூரைமேல் சுட்டுக் கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இருபத்தைந்து லட்சம் மக்கள் வாழும் ஒரு நகரத்தை உலகம் இன்னமும் அவன் பெயரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. நானும் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அங்கிருந்த ஒன்பது நாட்களில் அந்தப் படத்தைச் சிறிது சிறிதாக அழித்தது அந்நகரின் மெட்ரோ ரயிலும் அதனுடன் இணைந்த கேபிள் கார்களும்தான் என்பதால், உணவகங்களையும் விடுதிகளையும் விட்டுவிட்டு அந்தச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மெதெயின், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அபுர்ரா என்னும் நீண்டு குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. வெயிலும் குளிரும் மிகாத அதன் தட்பவெப்பத்தால் அதற்கு ‘என்றும் வசந்தம் நிலவும் நகரம்’ என்ற பெயருண்டு. விசிறியோ கம்பளியோ இல்லாமல் ஒன்பது இரவுகள் தூங்கிய எனக்கு அப்பெயரில் மிகை எதுவும் தெரியவில்லை. பள்ளத்தாக்கின் நடுவே ஆறு ஓடுகிறது. பெரும்பகுதி அந்த ஆற்றை ஒட்டியே வடக்கே நிகியாவிலிருந்து தெற்கே லா எஸ்த்ரேயா வரை மெட்ரோவின் A தடம் செல்கிறது. மெட்ரோ என்றால் சுரங்கப்பாதை என்று நினைத்திருந்தேன். இங்கே ரயில் தரையிலும், நகர மையத்தில் தூண்கள் மேலும் ஓடுவதால், சன்னலோரம் நின்றாலே ஊரின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடுகிறது: அடிவாரத்தில் அலுவலகங்களும் கடைகளும், இரு பக்கச் சரிவுகளிலும் உச்சிவரை நெருக்கியடித்து ஏறும் செங்கல் வீடுகள்.

1985இல் தொடங்கிய கட்டுமானம் பல ஆண்டுகள் இழுபட்டு, 1995 நவம்பர் 30 அன்றுதான் முதல் ரயில் ஓடியது. மெட்ரோ ரயில் ஓடும் ஒரே கொலம்பிய நகரம் இது என்ற பெருமை உள்ளூர்க்காரர்களின் பேச்சில் அடிக்கடி வருகிறது. அந்தப் பெருமையை அவர்கள் நடத்தையிலும் காணலாம். நிலையச் சுவர்களில் கிறுக்கல் இல்லை, பெட்டிகளுக்குள் யாரும் தின்பதில்லை, தரையில் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடப்பதில்லை. ‘மெட்ரோ பண்பாடு’ என்ற பெயரில், ரயில் ஓடத் தொடங்கும் முன்பே மக்களிடையே நடத்தப்பட்ட பிரசாரத்தின் விளைவு இது என்கிறார்கள். பணத்தையும் மிரட்டலையும் தவிர வேறெதுவும் தங்களைத் தேடி வராத காலத்தில், அரசு தங்களுக்காக ஒன்றை நல்ல தரத்தில் கட்டிக் கொடுத்ததை இம்மக்கள் தங்கள் உடைமையாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

பயணத்துக்குச் சீவிகா என்ற அட்டை ஒன்றை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் போதும். மெட்ரோவிலிருந்து மலைக் குடியிருப்புகளுக்கு ஏறும் கேபிள் காருக்கு மாறும்போது தனிக் கட்டணம் கிடையாது.

இந்தச் சேவையின் உயிர் என்று நான் சொல்வது 2004இல் தொடங்கிய K தடத்தை. அசேவேதோ என்ற ரயில் நிலையத்தில் இறங்கி, அதே கட்டடத்திலேயே படியேறினால் கேபிள் கார் வந்து நிற்கும். சரியாகச் சொன்னால் நிற்பதில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே கதவைத் திறக்கிறது. எட்டுப் பேர் எதிரெதிரே அமரும் அப்பெட்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும், முன்பின் தெரியாதவர்களைப் பார்த்து ‘புவேனாஸ்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். முதல் தடவை நான் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். அடுத்த நாளிலிருந்து நானே முந்திக்கொண்டேன். பெட்டி மேலேறத் தொடங்கியதும் வீடுகளின் கூரைகள் காலடியில் விரிகின்றன. காற்றில் பறக்காமலிருக்கச் செங்கற்களை வைத்த தகரங்கள், கொடியில் காயும் பள்ளிச் சீருடைகள், மொட்டை மாடியில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும் நாய், பாதி எழும்பிய சுவரருகே அடுத்த மாடிக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். என் எதிரே காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள், தன் வீட்டுக் கூரை வந்ததும் என் முழங்காலைத் தட்டி அதைச் சுட்டிக்காட்டினார். ஓரமாக வெங்காயத்தாள் முளைத்திருந்த ஒரு தகர டப்பாவைத்தான் அவர் எனக்குக் காட்ட விரும்பினார் என்பது சற்றுப் பின்னரே புரிந்தது.

சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் முடியும் இடம் சாந்தோ தொமிங்கோ சாவியோ. ஒரு காலத்தில் காவலர்களே நுழையத் தயங்கிய பகுதி அது. 1991இல் மெதெயினில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் கொல்லப்பட்டார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20க்கும் கீழே இறங்கியிருக்கிறது. இம்மாற்றம் முழுவதையும் கேபிள் காரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் வளைந்து வளைந்து இறங்கும் பேருந்தையே நம்பியிருந்த மக்களை நகரத்தின் வேலைகளோடும் கல்லூரிகளோடும் அது இணைத்தது உண்மை. பிற்பாடு கராகஸ், லா பாஸ், பொகோத்தா போன்ற நகரங்கள் கேபிள் காரைச் சுற்றுலாப் பொருளாக அல்லாமல் பொதுப் போக்குவரத்தாகக் கட்டியதற்கும் இதுவே முன்னோடி.

A, B தடங்கள் சந்திக்கும் சான் அந்தோனியோ நிலையத்தில் இறங்குபவர்கள் அருகிலுள்ள சதுக்கத்துக்கும் அவசியம் போக வேண்டும். இந்நகரில் பிறந்த சிற்பி பெர்னாந்தோ போத்தேரோ செய்த வெண்கலப் பறவை ஒன்று அங்கே வயிறு கிழிந்து நிற்கிறது. 1995 ஜூனில், மெட்ரோ ஓடத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், இசை விழா நடந்துகொண்டிருந்தபோது அதனடியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிதைந்த பறவையை அகற்றக் கூடாது என்று வலியுறுத்திய போத்தேரோ, 2000இல் அதன் பக்கத்திலேயே முழுமையான இன்னொரு பறவையை வைத்தார். கிழிந்த உலோகத்தின் ஓரங்கள் வெளிப்புறமாக மடிந்து, உள்ளே இருள் தெரிகிறது. அதன் பீடத்தருகே இரண்டு மாணவிகள் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

B தடம் முடியும் சான் ஹவியரிலிருந்து கொமுனா 13 பகுதிக்குச் செல்லலாம். செங்குத்தான சந்துகளில் 2011இல் அமைக்கப்பட்ட திறந்தவெளி மின் படிக்கட்டுகளும் சுவரோவியங்களும் இன்று பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். என்னை அழைத்துப்போன ஒரு வழிகாட்டி நிறுவனத்தினர், எஸ்கோபாரின் முகம் அச்சிட்ட சட்டைகள் விற்கும் கடைகளிலேயே பாதி நேரத்தைக் கழித்தார்கள். 2002 அக்டோபரில் இதே சந்துகளில் நடந்த ஒரியோன் என்ற இராணுவ நடவடிக்கையைப் பற்றியோ, அக்காலத்தில் காணாமற்போனவர்களைத் தேடி அலைந்த தாய்மார்களைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. லா எஸ்கொம்ப்ரேரா என்ற கட்டட இடிபாட்டுக் குவியலில் தங்கள் பிள்ளைகள் புதைக்கப்பட்டிருப்பதாக அத்தாய்மார்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்தார்கள். 2024 டிசம்பரில்தான் அங்கே முதல் எலும்புகள் கிடைத்தன. எஸ்கோபார் பெயரில் விற்கப்படும் எந்தச் சுற்றுலாவையும் வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பணத்துக்கு, உள்ளூரில் வளர்ந்தவர்கள் நடத்தும் நடைப்பயணத்தில் சேருங்கள்; நினைவு இல்லம் என்ற அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள்.

சேவையில் குறைகள் இல்லாமல் இல்லை. காலையும் மாலையும் A தடத்தில் மூச்சுவிட இடமிராது. K தடம் மணிக்கு ஒரு திசையில் சுமார் 3,000 பேரைத்தான் ஏற்றிச் செல்ல முடியும் என்பதால், வேலை முடியும் வேளையில் வரிசை நீளும். இடிமின்னல் வந்தால் கேபிள் கார்கள் நிறுத்தப்படுகின்றன; மழைக்காலப் பிற்பகல்களில் அதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். ஸ்பானிய மொழி சிறிதேனும் தெரியாவிட்டால் தடுமாற்றந்தான். கைபேசியைக் கையில் ஆட்டிக்கொண்டு தெருவில் நடப்பதும் தகாது. ‘பப்பாளியைக் கொடுக்காதே’ என்பது அங்கே வழங்கும் பழமொழி, திருடனுக்கு வாய்ப்பை நீயே நீட்டாதே என்று பொருள்.

சாந்தோ தொமிங்கோவிலிருந்து ஆர்வி பூங்காவுக்குச் செல்லும் L தடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. கூரைகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் ஊரின் இரைச்சல் அறுந்துபோய், கம்பிவடத்தின் சன்னமான முனகல் மட்டும் கேட்கும். மேலே நன்றாகக் குளிரும், ஒரு மேற்சட்டை வேண்டும். திரும்பும் பயணத்தை மாலை நேரத்துக்கு வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்த இருக்கையில் உட்காருங்கள். நான் இறங்கியபோது எதிர்ச் சரிவில் விளக்குகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. K தடத்துக்கு மாறியபின் பெட்டியில் கூட வந்த முதியவர், அத்தடத்தின் அந்தலூசியா நிலையத்தில் இறங்குமுன் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்து, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று அவர் மொழியில் சொன்னார். பெட்டியிலிருந்த அனைவரும் ஒரே குரலில் பதில் சொன்னோம்.