மைண்ட்ஸ் ஐ தியேட்டர்: வாம்பயர் (2013) – ரகசியம் காக்கத் தெரிந்த விதிப்புத்தகமா?

வாம்பயர் லார்ப், அதாவது ரத்தக்காட்டேரி வேடமேற்று நடமாடி ஆடும் பாத்திர ஆட்டம், ரகசியங்களை நம்பி நடப்பது. யார் எந்தக் குலம், யார் யாருடைய ரத்தத்தை மூன்று முறை குடித்துக் கட்டுப்பட்டுக் கிடக்கிறார், காணாமல் போன குலப் பிரதிநிதியான ப்ரைமோஜனைத் தீர்த்தது யார் என்பதெல்லாம் மறைவாக இருக்கும் வரைதான் அடுத்த ஆட்டத்துக்கு ஆவலாக ஆள் வரும். ஆனால் ஆடுகிறவர்கள் நண்பர்கள். ஒரே காரில் வருவார்கள், ஒரே விதிப்புத்தகத்தைப் படித்திருப்பார்கள். ஆட்டக்காரருக்குத் தெரிந்தது பாத்திரத்தின் வாயிலிருந்து வந்துவிட்டால் அதுதான் மெட்டாகேமிங். பை நைட் ஸ்டூடியோஸ் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் திரட்டி வெளியிட்ட ‘மைண்ட்ஸ் ஐ தியேட்டர்: வாம்பயர் தி மாஸ்கரேட்’ புத்தகத்தை இங்கே அந்த ஒரு கோணத்தில் மட்டும் எடைபோடுகிறோம். ரகசியம் எங்கே கசிகிறது? கசிந்தால் ஆட்டத்தை நடத்தும் தலைமை நடுவரான ஸ்டோரிடெல்லர் என்ன செய்வது?

முதலில் பின்னணி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் வாம்பயரை ஒயிட் வுல்ஃப் 1991இல் கொண்டுவந்தது. எழுந்து நடமாடி ஆடும் வடிவம் 1993இல் வந்தது. பகடைக்குப் பதில் கல், காகிதம், கத்தரி. 90களின் விதிகளில் மோதலுக்கு முன் இருவரும் தங்கள் பாத்திரத்தை விவரிக்கும் பண்புச்சொல் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பணயம் வைக்க வேண்டும். கை சமனில் முடிந்தால் மொத்தம் எத்தனை பண்பு இருக்கிறது என்று சொல்லி ஒப்பிட வேண்டும். தோற்றவர் மறுபடி ஆட விரும்பினால் எந்தத் திறனைச் செலவழிக்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே ஒரு மோதலில் எதிராளியின் பலம், திறன், அவர் பயன்படுத்திய சக்தி எல்லாம் சுற்றி நிற்கிற பத்துப் பேர் காதிலும் விழுந்துவிடும். அதன் பிறகு யாரும் கெட்ட எண்ணத்தோடு ஏமாற்ற வேண்டியதே இல்லை. காதில் விழுந்ததை மறக்க முடியாது, அவ்வளவுதான். மெட்டாகேமிங்கில் பெரும்பகுதி இப்படி விதியிலிருந்தே கசிகிறது. ஆட்டக்காரரின் குணத்தைப் பழிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

2013 புத்தகம் இங்கேதான் நல்ல வேலை செய்திருக்கிறது. பண்புச்சொல் பணயம் போயே போய்விட்டது. 10 வரை போகும் ஒரு பண்பும் 5 வரை போகும் ஒரு திறனும் கூடினால் வரும் எண்தான் சோதனைத் தொகை. கையில் ஜெயித்தால் ஜெயம், சமன் என்றால் தொகை பெரியவருக்கு ஜெயம். தோற்றவர் மன உறுதிப் புள்ளி ஒன்றைச் செலவழித்து மறுபடி கை போடலாம். மன உறுதி எல்லோரிடமும் இருப்பது. அதைச் செலவழிப்பதிலிருந்து குலத்தையோ திறமையையோ யாரும் ஊகிக்க முடியாது. சின்ன மாற்றம்தான், ஆனால் கசிவில் பாதி இதோடு அடைபடுகிறது.

மீதம் இருப்பது சமன் வரும்போது எண்ணைச் சொல்லும் இடம். “பதினாலு” என்று ஒருவர் உரக்கச் சொன்னால், அறிமுக நாளன்று கூச்சத்தோடு நின்ற அந்தப் பாத்திரம் உண்மையில் என்ன செய்யக்கூடியது என்று அறை முழுக்கத் தெரிந்துவிடும். இதற்கு எளிய மாற்று: தாக்குகிறவர் மட்டும் தன் எண்ணை மெல்லச் சொல்லட்டும், தடுக்கிறவர் ‘அதிகம்’, ‘குறைவு’, ‘சமம்’ என்று மட்டும் பதில் சொல்லட்டும். ஒரு எண் மறைந்துவிடும். முக்கியமான மோதல் என்றால் இருவரும் நடுவர் காதில் சொன்னால் இரண்டுமே மறையும். அதற்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகும். ஊரை ஆளும் பிரின்ஸின் உயிர் தொங்குகிற காட்சிக்கு அந்த அரை நிமிடத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்தது ஆப்ஃபஸ்கேட். கண்ணில் படாமல் நடக்கும் சக்தி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நடந்தால் ‘இவர் இங்கே இல்லை’ என்று அர்த்தம். நம் தெருக்கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் வேடக்காரரின் காலும் கிரீடமும் தெரிந்தாலும் அவர் இன்னும் சபைக்கு வரவில்லை என்று ஊரே ஒப்புக்கொள்ளும் அல்லவா, அதே உடன்பாடுதான். ஆனால் இங்கே பார்வையாளர் இல்லை. எல்லோரும் ஆட்டக்காரர்கள், எல்லோருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. நாஸ்ஃபெராட்டு குலத்தவர் ஒருவர் கை கட்டியபடி பக்கத்தில் வந்து நிற்கிறார். பேசிக்கொண்டிருந்த வென்ட்ரூ குலத்தவர் இருவர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். குரல் தாழும். பேச்சு வாக்கியத்தின் நடுவில் நிற்கும். பிறகு ஒருவர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். யாரும் எதையும் ‘பயன்படுத்தவில்லை’, ஆனாலும் நாஸ்ஃபெராட்டின் சக்தி செத்துவிட்டது. அந்தச் சக்திக்கு அவர் அனுபவப் புள்ளிகளைச் செலவழித்திருக்கிறார். அந்தப் புள்ளிகளை மற்ற இருவர் சேர்ந்து பறித்துக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீர்வு இதுதான். பேச்சை நிறுத்தியவர்களிடம் நடுவர் போய், “அவர் வராமல் இருந்தால் அடுத்த வாக்கியம் என்னவாக இருந்திருக்கும்?” என்று கேட்க வேண்டும். அதை அவர்கள் சொல்லியே ஆக வேண்டும். முணுமுணுத்தபடி சொன்னாலும் பரவாயில்லை, ஒளிந்து நிற்கிறவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். இன்னொரு வழி, கை கட்டிக்கொண்டு சுற்றுவதையே குறைப்பது: ஒட்டுக்கேட்க விரும்புகிறவர் நடுவரிடம் சொல்லிவிட்டு வேறு அறையில் இருப்பார், பேச்சு முடிந்த பின் நடுவர் பேசியவர்களிடம் சாரத்தைக் கேட்டு அவரிடம் சேர்ப்பார். இரண்டாவது வழியில் ஆட்டத்தின் சுவை கொஞ்சம் குறையும். யாரையும் கூர்ந்து உணரும் ஆஸ்பெக்ஸ் சக்தி உள்ளவர் பக்கத்தில் இருந்தால் ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடிக்க முயல அவருக்கு உரிமை உண்டு. அவரை ஒதுக்கிவிட்டு நடத்தினால் அதுவும் அநியாயம்.

இதைவிடக் கடினமானது அடுத்தவர் மனத்தை ஆளும் டாமினேட்டின் மூன்றாம் படி, நினைவை அழிக்கும் சக்தி. பாத்திரம் மறந்துவிட்டது, ஆட்டக்காரர் மறக்கவில்லை. அதுவரை அந்த வென்ட்ரூவிடம் சிரித்துப் பேசியவர் திடீரென்று விலகி நடப்பார். கேட்டால் “எனக்கு என்னவோ உள்ளுணர்வு” என்பார். இதற்கு வாய்வார்த்தை போதாது, அட்டை வேண்டும். நினைவை அழித்தவரே புதிய நினைவை எழுதித் தர வேண்டும், இப்படி: “9:10 முதல் 9:30 வரை பால்கனியில் தனியாக நின்றிருந்தாய். குளிர்ந்தது. யாரும் வரவில்லை. உள்ளே திரும்பியபோது ஹார்ப்பி உன்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.” (ஹார்ப்பி என்பது யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று அளக்கும் சபைப் பதவி.) நேரமும் இடமும் உடம்பு உணர்ந்த ஒரு விஷயமும் கட்டாயம். வெறுமனே “நீ மறந்துவிட்டாய்” என்று எழுதினால் ஆட்டக்காரரின் மனம் அந்த வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றி வரும். ஆடுவதற்கு ஒரு நினைவு கையில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார். அட்டையின் பின்புறம் நடுவர் கையெழுத்தும் நேரமும்.

புத்தகத்தில் லோர் என்றொரு திறன் உண்டு. மற்றக் குலங்கள், பிரிவுகள், பிற அமானுஷ்யப் பிறவிகள் பற்றிப் பாத்திரத்துக்கு எவ்வளவு தெரியும் என்பதை அது தீர்மானிக்கிறது. இதை வரவேற்கிறோம். ஒருவர் தன் சதையை மெழுகு போல உருக்கி முகத்தை மாற்றினால் விதிப்புத்தகம் படித்த அத்தனை பேருக்கும் அது ஸிமிஸி குலத்தின் வேலை என்று தெரியும். லோர் இல்லாத பாத்திரம் பயந்து நடுங்க வேண்டுமே தவிர குலத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. ஆனால் லோர் எழுதப்படாத பொது அறிவு என்ற நடுப்பகுதியில்தான் சண்டை வரும். வாம்பயர்களின் பெரிய அமைப்பான காமரில்லாவில் நூறு வருஷம் கழித்த ஒருவருக்கு நாஸ்ஃபெராட்டு மறைந்து நடப்பார்கள் என்பது கூடத் தெரியாதா? தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊர் ஆட்டமும் முதல் நாளே ஒரு பக்கத்துக்கு மிகாமல் ‘எல்லோருக்கும் தெரிந்தவை’ என்றொரு தாள் எழுதிவைக்க வேண்டும். காமரில்லாவின் சட்டங்களான ஆறு மரபுகள், பதவிகள், ஊரில் பகிரங்கமாக இருக்கும் குலங்களின் பெயர் போன சக்தி ஒன்றோ இரண்டோ. தாளில் இருப்பதற்கு யாரிடமும் ஆதாரம் கேட்கக்கூடாது. தாளில் இல்லாததற்கு லோர் இருக்க வேண்டும், அல்லது ஆட்டத்துக்குள் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

புத்தகத்தின் அரிதுப் பட்டியல்தான் எங்களுக்கு உறுத்துகிறது. இந்த அமைப்பில் எந்தக் குலம் சாதாரணம், எது அரிது என்று பிரித்து, அரிதானதற்குக் கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் பதிமூன்று குலமும் கும்பலாக வந்து குவியாமல் இருக்க இது உதவும். ஆனால் பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. புதிதாக வந்தவர் தன் குலத்தைச் சொல்லாமல் தயங்கினாலே “அரிது போல” என்று முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ஊர்ப் பட்டியலை ஸ்டோரிடெல்லர் தன்னிடமே வைத்துக்கொள்வது நல்லது.

கசிந்த பிறகு தீர்ப்பு எப்படி? குற்றம் சாட்டுவதில் ஆரம்பித்தால் ஆட்டம் அங்கேயே உடைந்துவிடும். ஆளைத் தனியே அழைத்து மூன்றே கேள்வி: உன் பாத்திரத்துக்கு இது யார் மூலம் தெரிந்தது? எப்போது? அதற்கு முன் என்ன செய்ய இருந்தது? “ஏன் செய்தாய்” என்ற கேள்வியே வேண்டாம், அதற்கு வரும் பதிலை யாராலும் சரிபார்க்க முடியாது. மூலத்தைச் சரிபார்க்கலாம். “டொரியடோர் குலத்தவர் சொன்னார்” என்றால் அவரைக் கேட்கலாம். மூலம் இருந்தால் வழக்கு முடிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு நடுவர் நகர வேண்டும். மூலம் இல்லை என்றால் அந்தச் செயலை மட்டும் இல்லாததாக்க வேண்டும், ஆளை அல்ல. முதல் தடவை அதற்கு மேல் தண்டனை கிடையாது. அதே ஆள் திரும்பச் செய்தால் அந்த இரவின் அனுபவப் புள்ளி போகும். மூன்றாவது தடவை, வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டியதுதான்.

சங்கடம், அந்தச் செயலால் ஒரு பாத்திரம் செத்துவிட்டால். டயப்லரி, அதாவது இன்னொரு வாம்பயரின் ஆன்மாவை உறிஞ்சும் குற்றம், பற்றிய வழக்குகளில் இது அடிக்கடி வரும். அப்படி உறிஞ்சியவரின் ஒளிவட்டத்தில் கருப்பு நரம்புகள் ஓடும். ஆஸ்பெக்ஸ் இரண்டாம் படி உள்ளவர் அதைப் பார்க்கலாம். அதுவரை ஒருநாளும் ஒளிவட்டம் பார்க்காத ஒருவர், ஆட்டம் முடிந்து சாப்பிடப் போன இடத்தில் காதில் விழுந்த பேச்சை வைத்து, அடுத்த மாதம் வந்த உடனே நேராக அந்த ஆள் முன்னால் போய் நின்று பார்க்கிறார். காமரில்லாவில் டயப்லரிக்குத் தண்டனை மரணம். இங்கே மரணத்தை நிறைவேற்றும் முன்பே நடுவர் நிறுத்திக் கேட்க வேண்டும். செத்த பிறகு பின்னோக்கிச் சுற்றுவது அன்றைய இரவுக்குள் என்றால் மட்டும் முடியும். வாரம் கடந்தால் அதைச் சார்ந்து இருபது பேருடைய கதை நகர்ந்திருக்கும். அதனால் மரணத்தில் முடியக்கூடிய எந்தக் குற்றச்சாட்டுக்கும் மூலம் காட்டிய பிறகுதான் காட்சி தொடரும் என்று முன்கூட்டியே விதி போட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் பெருமைக்காக வாய்விட்டவருக்கும் இதில் பங்குண்டு. தன் ரகசியத்தைத் தானே உடைத்தவருக்கு முழுப் பாதுகாப்புத் தர முடியாது என்பதையும் அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கூர்மையான ஆட்டக்காரர் ஆட்டத்துக்குள் கிடைத்த மூன்று துப்பை முடிச்சுப் போட்டுக் கண்டுபிடித்தால் அது மெட்டாகேமிங் இல்லை. அவரைத் தடுத்தால் இனி யாரும் துப்பறிய மாட்டார்கள். அதேபோல, துப்பறியும் திறன் 5 வைத்திருக்கும் பாத்திரத்தைக் கூச்சமுள்ள ஒருவர் ஆடினால், நடுவர் தாமே போய் “உன் கண்ணுக்கு இது படுகிறது” என்று சொல்ல வேண்டும். பாத்திரத்துக்குத் தெரிந்தது ஆட்டக்காரருக்கு எட்டாமல் போவதும் அதே அநியாயம்தான். இதைப் பற்றி யாரும் முறையிட மாட்டார்கள், ஆகவே கவனிக்கப்படுவதும் இல்லை.

ஸ்டோரிடெல்லர் தன்னையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். எல்லா ரகசியமும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் ஆட்டும் ஷெரிஃப் (பிரின்ஸின் காவல் அதிகாரி) சரியான வாசலில் சரியான நேரத்தில் வந்து நின்றால் ஆட்டக்காரர்களுக்கு அதைக் கேள்வி கேட்க வழியே இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் நடுவர்கள் ஆட்டும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தெரிந்ததை ஐந்து வரியில் எழுதி உறையில் ஒட்டி இன்னொரு நடுவரிடம் கொடுத்துவிடலாம். கேள்வி வந்தால் உறையைப் பிரிக்கலாம். இன்னொன்று: நடுவர் இருவரை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாலே உள்ளே எல்லோரும் “சண்டை” என்று எழுந்துவிடுவார்கள். சும்மாவேனும் இரவில் நாலைந்து தடவை ஆட்களை வெளியே அழைத்துப் போய் வானம் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விதி தலைகீழ். காட்சி ஒருவருக்கு நிஜமாகவே வலிக்கிறது என்று தெரிந்தால், பாத்திரத்துக்குத் தெரியாது என்று சொல்லித் தொடரக்கூடாது. நார்டிக் (வட ஐரோப்பிய) லார்ப் மரபில் இதற்குச் சைகை உண்டு: பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டமாக்கிக் கேட்பது, எதிரே இருப்பவர் கட்டைவிரலை உயர்த்தினால் தொடர்வது, கிடையாகவோ கீழாகவோ காட்டினால் நிறுத்துவது. மற்றவருக்கு நல்ல காட்சி அமையட்டும் என்று ஆட்டக்காரராக யோசித்துப் பாத்திரத்தை நகர்த்துவதையும் அங்கே தப்பாக நினைப்பதில்லை. தன் வெற்றிக்காகச் செய்தால்தான் பிரச்சினை. இந்தப் பழக்கத்தை அமெரிக்க பாணி போட்டி ஆட்டத்தோடு சேர்த்தும் கடைப்பிடிக்கலாம்.

500 பக்கத்துக்கு மேல் போகும் கனத்த புத்தகம் இது. ஆட்ட இரவில் கையில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. டிரைவ்த்ரூ ஆர்பிஜி இணையக் கடையில் கிடைக்கும் பிடிஎஃப் போதும், தேடுவதும் சுலபம். ஆட்டக்காரர்களுக்கு அவரவர் பாத்திரத்தின் டிசிப்ளின் (வாம்பயர் சக்தி) பக்கங்களை மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். கூடவே ஒரு கட்டு வெற்று அட்டையும் ஆளுக்கொரு பேனாவும். நேரம் குறிக்க மறக்காமல் நடுவர் ஒவ்வொருவரும் கைக்கடிகாரம் கட்டியிருக்கட்டும். இருட்டறையில் போன் வெளிச்சம் எல்லோர் கண்ணையும் இழுக்கும்.