எஸ்தோனியா: காலாட்படையா, கணினிப் படையா?

சின்ன நாடு நேட்டோ ராணுவக் கூட்டணிக்கு ஆள் அனுப்புவதா, தனித்திறன் ஒன்றைக் கொடுப்பதா? ரஷ்யாவை ஒட்டி, சுமார் 13 லட்சம் பேர் வாழும் எஸ்தோனியா இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது.

விலை
காலாட்படை: 2006 முதல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் எஸ்தோனிய வீரர்கள் பிரிட்டிஷ் படையோடு நின்றார்கள். ஆப்கானிஸ்தானில் பறிபோனவை 9 உயிர்கள். எஸ்தோனியாவின் மக்கள்தொகைக்கு அது பெரிய எண்.
சைபர் (கணினி, இணையப் பாதுகாப்பு): உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கணினி நிபுணர்களுக்குத் தனியார் தரும் சம்பளத்தோடு ராணுவம் மல்லுக்கட்ட முடியாது. தன்னார்வலர் சைபர் பிரிவை வைத்து ஓரளவு சமாளிக்கிறார்கள்.

நீடிப்பு
காலாட்படை: பணி முடிந்தால் வீடு திரும்பும்.
சைபர்: 2007 ஏப்ரலில் சோவியத் கால வெண்கலச் சிலையை இடம் மாற்றத் தொடங்கியதும் தெருவில் கலவரம், கூடவே இணையத் தாக்குதலில் அரசு, வங்கி, செய்தித் தளங்கள் திணறின. பட்ட அடியே முதலீடானது. 2008-இல் தலைநகர் தாலினில் நேட்டோ அங்கீகாரத்தோடு சைபர் பாதுகாப்பு மையம் வந்தது. அதன் ‘லாக்ட் ஷீல்ட்ஸ்’ பயிற்சியில் ஓர் அணி கற்பனை நாட்டின் கணினி வலையமைப்பைத் தாக்கும். பல நாட்டு அணிகள் அதே நேரத்தில் காக்க வேண்டும்.

நம்பிக்கை
இதில் காலாட்படைதான் முந்துகிறது. 2017 முதல் எஸ்தோனியாவின் தாப்பா முகாமில் நேட்டோ படைக்குழுவுக்கு பிரிட்டன்தான் தலைமை. ஹெல்மண்ட் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

சரி, எது யாருக்கு? எல்லையில் பெரிய அண்டை நாடு மிரட்டினால் காலாட்படை. ஆள்பலம் குறைவு, கூட்டணியில் நிரந்தர இடம் வேண்டும் என்றால் சைபர்.