ஹீட்டர் சூடு தரவில்லை: கழுவுவதா, மாற்றுவதா, பைபாஸ் போடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓடும் காரில் ஹீட்டர் செத்துக் கிடப்பது வருஷக்கணக்கில் தெரியாமலே போகும். குளிர்காலமான ஜூலை இரவிலும் அங்கே பெரிய குளிர் இல்லை, ஹீட்டர் குமிழை யாரும் திருப்புவதில்லை. விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கிளம்பி, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, விடியற்காலை ஹாரிஸ்மித்தைத் தொடும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். வெளியே புல்வெளியெல்லாம் உறைபனி, வென்ட்டிலிருந்து வருவதும் அதே குளிர்.

பட்டறையில் கேட்டால் நான்கு வழி சொல்வார்கள்: தெர்மோஸ்டாட் மாற்று, ஹீட்டர் கோரைக் கழுவு, கோரையே மாற்று, அல்லது அதைச் சுற்றிவிட்டு பைபாஸ் போடு. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. கோர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், சூடான கூலன்ட் அதில் ஓடித்தான் உள்ளே வரும் காற்று சூடாகிறது. எது உங்கள் காருக்கு என்பதைக் கை வைத்தே கண்டுபிடிக்கலாம். எஞ்சினை இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது.

இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் கோர் நல்லது. உள்ளே காற்றைத் திருப்பும் ஃபிளாப் அசையவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் ஃபிளாப்பை அசைக்கும் சின்ன மோட்டாரான ஆக்சுவேட்டரின் பல் தேய்ந்திருக்கிறது. கேபிள் வைத்த பழைய வண்டிகளில் கேபிள் கழன்றிருக்கும். இதற்குப் போய் கோரைக் கழற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோர் அடைப்பு. ஹீட்டர் டாப் (கோருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் வால்வு) உள்ள வண்டியானால் முதலில் அது திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட், அல்லது கூலன்ட் குறைவு. நின்றால் குளிர்ந்து, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் சூடாகிறதா? உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்தான் மலிவான வழி, கடற்கரை வண்டிகளில் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. பிடுங்கினால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடும். டர்பன் வெயிலில் அது தெரியாது. மலைமேல் 2 டிகிரிக் காற்றில் எஞ்சின் 60-ஐத் தாண்டத் திணறும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள், பல வண்டிகளில் 75-இலிருந்து 105 வரை அது நடுவிலேயே நிற்கும். ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி நிஜ வெப்பத்தைப் படியுங்கள். பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான். கம்பெனி குறித்த டிகிரிக்கே வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அது 82-க்கும் 90-க்கும் இடையில் இருக்கும். 'குளிர்ச்சியாக ஓடட்டும்' என்று 71 டிகிரி வாங்குவது பாதி பிடுங்கியதற்குச் சமம்.

கோர் அடைப்பு என்றால்தான் உண்மையான போட்டி: கழுவுவதா, மாற்றுவதா?

கழுவ ஒரு காலைப் பொழுது போதும். எஞ்சின் முழுக்க ஆறியபின் கேப்பைத் திறந்து, இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்க வேண்டாம், திருகி விடுவியுங்கள். வரவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள். ஹோஸ் புதிதாக வாங்கலாம், கோரின் மெல்லிய குழாய் வளைந்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியதுதான். பிறகு கூலன்ட் வெளியே வரும் குழாயில் தோட்டத்து ஹோஸை வைத்து, எதிர்த்திசையில் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கூலிங் சிஸ்டம் ஓடுவதே ஒரு பார் அழுத்தச் சுமாரில்தான், குழாயை முழுசாகத் திறந்தால் கோர் கிழிந்துவிடும். முதலில் காப்பி நிறத்தில் வரும். தெளிந்தபின் திசையை மாற்றுங்கள். இன்னும் தடை இருந்தால் வெந்நீரில் சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரைமணி ஊறவிட்டுத் திரும்பக் கழுவுங்கள்.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய துருவுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஒழுக்கை அடைக்க யாரோ ஊற்றிய ஸ்டாப்-லீக்குக்கும், ஒத்துவராத இரண்டு கூலன்ட் கலந்து உறைந்த கூழுக்கும் கழுவல் அரைகுறைதான். சூடு வரும், ஒரு பக்க வென்ட்டில் மட்டும்.

உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப்பிசுக்கு, முன்பக்கக் கார்ப்பெட்டில் வழுவழுப்பான ஈரம் இவை இருந்தால் கழுவல் பேச்சே இல்லை, மாற்றுவதுதான். (வெறும் தண்ணீர் ஈரம் என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம்.) கோர் விலை பெரிதில்லை, கூலிதான் கொல்லும். பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் போன்ற எளிய வண்டியில் வேலை கொஞ்சம், புது வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டு முழுதும் வெளியே வரும், ஒரு முழுநாள் போகும். ஹீட்டர் பெட்டியை எடுக்க ஏசி கேஸையும் இறக்க வேண்டுமா என்று விலை பேசும்போதே கேளுங்கள். ஏர்பேக் வண்டியில் பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்காமல் கை வைக்கக்கூடாது. பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டால் ஒரே மாதத்தில் அதே டாஷ்போர்டைத் திரும்பக் கழற்றுவீர்கள்.

பைபாஸ் என்பது இரண்டு ஹோஸையும் ஒரே உள்விட்டமுள்ள யூ-குழாயால் இணைப்பது. வழியில் கோர் வெடித்தால் ஊர் போய்ச் சேர இதைவிட நல்ல வழியில்லை. ஹோஸ் முனைகளை அடைத்துவிடாதீர்கள், சில எஞ்சின்களில் ஹீட்டர் வழியாகத் திரும்பும் ஓட்டத்தை வைத்துத்தான் தெர்மோஸ்டாட் திறக்கிறது. நிரந்தரமாக விட்டால் சூடோடு, கண்ணாடி ஆவியைப் போக்கும் டிமிஸ்டரும் போய்விடும். டர்பனுக்குள்ளேயே சாட்ஸ்வொர்த்துக்கும் பீனிக்ஸுக்கும் மட்டும் ஓடும் வண்டியானால் ஏசியை வைத்துக் கண்ணாடி ஆவியைச் சமாளிக்கலாம். வான் ரீனன் மூடுபனியில் அந்தச் சமாளிப்பு போதாது. மலைநாட்டில் வசிப்பவருக்கு பைபாஸ் ஒரு வாரத்துக்குமேல் கூடாது என்பது என் கட்சி.

எந்த வழியானாலும் கடைசியில் காற்றை வெளியேற்றவில்லை என்றால் செய்த வேலை வீண். வண்டியின் மூக்கு மேடாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில். கம்பெனி சொன்ன கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை விடுங்கள். பழைய கூலன்ட்டை முற்றத்தில் கொட்டாதீர்கள், இனிப்பென்று நாய் நக்கும், செத்துப்போகும். இரண்டு நாளில் திரும்பவும் காற்று சேர்ந்து, ஹீட்டர் குளிர்ந்து, டேங்கில் குமிழி வந்தால் இந்த நான்கு வழியும் உதவாது. பிளாக் டெஸ்டர் (கூலன்ட்டில் எஞ்சின் புகை கலந்திருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் அதிலுள்ள நீலத் திரவம் மஞ்சளானால் போயிருப்பது ஹெட் காஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு.